ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்: வாங்குவதா, வீட்டில் செய்வதா, நினைவிலேயே விட்டுவிடுவதா?

வாரச் சாமான்கள் வாங்கப் போன கடையில், சலவைத்தூள் இருக்கும் வரிசையைத் தேடித் திரும்பியபோது, கீழ்த்தட்டில் அந்த ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கண்ணில் பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் அதைப் பார்த்ததில்லை. அது இன்னமும் தயாராகிறது என்பதே எனக்குத் தெரியாது. உறையின் படம் மாறியிருந்தது, எழுத்தின் வளைவு மாறியிருந்தது, ஆனாலும் பெயரைப் படிப்பதற்கு முன்பே அது எது என்று தெரிந்துவிட்டது. குனிந்து கையில் எடுத்ததும், இரண்டு பிஸ்கட்டுகளையும் எதிரெதிராகத் திருகிப் பிரித்து, கிரீம் ஒட்டிய பாதியை முன்பல்லால் சுரண்டித் தின்ற மாலைகள் நினைவுக்கு வந்து, நின்ற இடத்திலேயே நாவில் நீர் ஊறியது.

ஒரு பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். இப்படிப்பட்ட பண்டம் ஒன்று திரும்பக் கிடைக்கும்போது நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: கண்டதை அப்படியே வாங்குவது, அதே வகையில் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும் வேறொன்றை வாங்குவது, வீட்டில் செய்து பார்ப்பது, வாங்காமல் திரும்புவது. எதைத் தேர்ந்தாலும் இன்னொன்றில் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது. அன்று நான் எடுத்த முடிவையும் அதற்கு முன் எடைபோட்டுப் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் நிற்பவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நாம் தேடுவது அந்தச் சுவையையா, அல்லது அந்தச் சுவை நம் வாயில் இருந்த பொழுதையா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மணம். மெல்லும்போது வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியே ஆரஞ்சை ஆரஞ்சாகக் காட்டுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதே பிஸ்கட்டைக் கடித்தால் இனிப்பும் புளிப்பும் மட்டுமே மிஞ்சும். மற்றப் புலன்கள் பெறும் செய்திகள் மூளையின் தலாமஸ் என்னும் பகுதி வழியாகச் சென்ற பிறகே மேலே செல்கின்றன. மணம் பற்றிய செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளை நேரடியாகச் சென்றடைகிறது. மணம் எழுப்பும் சொந்த நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவையாக இருப்பதையும், சொற்களோ படங்களோ எழுப்பும் நினைவுகள் அதற்குப் பிந்தைய பருவத்தில் குவிவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகையால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் முன் பெரியவர் ஒருவர் தடுமாறி நிற்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவருடைய ஆறு வயதுக்குள் நுழைய அதைவிடக் குறுகிய பாதை வேறு இல்லை.

கண்டதை அப்படியே வாங்குவதன் வலிமை இதுதான்: பெயர் அதே, வடிவம் அதே, பிரித்துத் தின்னும் முறையும் அதே. கை செய்யும் வேலை மாறுவதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழிக்கும் சத்தமும், பிஸ்கட்டின் விளிம்பில் இருக்கும் சிறு துளைகளை நகத்தால் தடவிப் பார்ப்பதும் அந்தப் பண்டத்தின் பகுதிகளே. ஆனால் உள்ளே இருப்பது அதே பொருள் என்று நம்பிவிடக் கூடாது. கிரீம் என்பது பெரும்பாலும் பொடித்த சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த கலவை. அதன் குணத்தைத் தீர்மானிப்பது கொழுப்பு. பல பத்தாண்டுகளாக இதற்கு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பு பயன்பட்டது. அதில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று தெளிவான பிறகு, 2003-இல் டென்மார்க் முதன்முதலாக அதற்கு வரம்பு விதித்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தொழிற்சாலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உலகம் முழுவதும் உணவிலிருந்து நீக்க அழைப்பு விடுத்தது. அதையொட்டிப் பல நாடுகள் சட்டம் இயற்றின. இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் பாமாயிலின் கெட்டிப் பகுதிகள் இருக்கின்றன. இந்த மாற்றம் நல்லது, தேவையானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கொழுப்பு மாறினால் அது உருகும் வெப்பநிலை மாறும், நாக்கில் கரையும் வேகம் மாறும், மணம் வெளிப்படும் நேரமும் மாறும். பழைய கிரீம் பல்லில் மெழுகுபோல் வழித்துக்கொண்டு வந்தது என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய கற்பனையாக இருக்க வேண்டியதில்லை.

நிறமும் அப்படியே. ஆரஞ்சு கிரீம்களுக்குப் பளிச்சென்ற நிறம் தந்த செயற்கைச் சாயங்களில் சில, குழந்தைகளின் மிகைத் துறுதுறுப்போடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று 2007-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. அதன் பின்னர், அத்தகைய ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. பல நிறுவனங்கள் கேரட்டிலும் மிளகாயிலும் இருப்பதுபோன்ற இயற்கை நிறமிகளுக்கு மாறிக்கொண்டன. நான் கையில் வைத்திருந்த பாக்கெட்டின் படத்திலேயே கிரீம் சற்று வெளிறித்தான் தெரிந்தது. நம் நாக்கு கண்ணை நம்பி நடப்பது; நிறம் மங்கினால் புளிப்பும் மங்கியதாகவே தோன்றும்.

இன்னொரு மாற்றத்தை யாரும் பாக்கெட்டில் அச்சிடுவதில்லை: மாறியிருப்பவர் நாமும்தான். குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்பை விரும்புகிறார்கள், அந்த விருப்பம் பதின்பருவத்தின் நடுவில் தணிகிறது. புளிப்பிலும் இப்படி ஒன்று உண்டு. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், பெரியவர்கள் அநேகமாக ஒருவரும் விரும்பாத கடும் புளிப்பை விரும்பித் தேர்ந்தார்கள். சிறுவயதில் ஆரஞ்சு கிரீமின் சுரீர் என்ற புளிப்புக்காகவே நான் மற்ற நிறங்களை ஒதுக்கினேன் என்பதை எண்ணும்போது, இன்று அதே கிரீமை அதே அளவில் யாராவது செய்து கொடுத்தாலும் அது எனக்கு அப்படிச் சுரீரென்று இருக்குமா என்பது ஐயமே. பிஸ்கட் சிறுத்துவிட்டது என்ற புகாரையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது நிறுவனங்களின் வழக்கம்தான். பிரான்சில் 2024 ஜூலை முதல் பெரிய கடைகள் அப்படிக் குறைந்த பொருள்களுக்கு அருகில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்றே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆறு வயதில் அந்த பிஸ்கட் என் உள்ளங்கையை நிறைத்தது என்றால், அதில் பாதிக் காரணம் உள்ளங்கை.

எனவே, கண்டதை வாங்குவதென்றால், பாக்கெட்டைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலான நாடுகளில் அந்தப் பட்டியல் எடையில் மிகுந்ததில் தொடங்கிக் குறைந்ததில் முடியும் வரிசையில் இருக்கும். கொழுப்பு எது, புளிப்புக்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறதா, நிறம் எதிலிருந்து வருகிறது என்ற மூன்றையும் பார்த்தாலே, நினைவில் இருப்பதற்கும் உறைக்குள் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது ஓரளவு பிடிபடும். இப்படிப் படிப்பது ஆசையைக் கெடுக்கும் என்று சிலர் நினைக்கலாம். என் அனுபவம் வேறு: எது மாறியிருக்கும் என்று தெரிந்துகொண்டு கடித்தால், மாறாதது எது என்பதை நாக்கு விரைவாகக் கண்டுகொள்கிறது.

இரண்டாம் வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதே தட்டில், சற்றுத் தள்ளி, உண்மையான வெண்ணெயும் பழச்சாறும் சேர்த்ததாகச் சொல்லும் உயர்தர ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் ஒன்று இருந்தது. உணவு என்ற அளவில் அது மேலானதாகவே இருக்கும். ஆனால் நான் தேடியது மேலான பிஸ்கட் அல்ல. 1985 ஏப்ரலில் கோக்க-கோலா நிறுவனம் தன் பானத்தின் செய்முறையை மாற்றியது. பெயரை மறைத்து நடத்திய சுவைச் சோதனைகளில் மக்கள் புதிய சுவையையே விரும்பியிருந்தார்கள். இருந்தும் எதிர்ப்பு எழுந்தது, 79 நாள்களில் பழைய பானம் திரும்பி வந்தது. ஒரு மிடறில் எது இனிமை என்பதும், எது எனக்கு உரியது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இளமைப் பண்டத்துக்கு மாற்றாக உயர்ந்த பண்டத்தை வாங்குவது, தெரிந்தவர் வீட்டைத் தேடிப் போய் அதைவிட அழகான பக்கத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவதைப் போன்றது. ஒவ்வாமையோ உடல்நிலையோ காரணமாகப் பழையதைத் தொட முடியாதவர்களுக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்; அவர்களுக்கு இது நல்ல வழி.

வீட்டில் செய்வது பற்றி எனக்குக் கூடுதலான மதிப்பு உண்டு, அதனாலேயே அதன் குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் நம் கையில் இருக்கும், புளிப்பை நாமே கூட்டலாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களும் மாவைத் தேய்த்து வெட்டலாம். ஆனால் முதல் தடையே மணத்தில் வருகிறது. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற பொருள். அதற்கு ஆரஞ்சின் முழு அடையாளத்தைத் தருபவை மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் வேறு பல பொருள்கள். புதிய பழத்தின் தோலைத் துருவிச் சேர்த்தால் இவை எல்லாம் சேர்ந்து வரும்; கிரீம் பழம்போல மணக்கும், ஓரத்தில் சிறு கசப்பும் இருக்கும். நம் இளமையின் கிரீமோ பழம்போல மணந்ததே இல்லை. அது எசன்ஸ் மணம். மிட்டாயிலும் மருந்துப் பாகிலும் வந்த, எந்த மரத்திலும் காய்க்காத ஆரஞ்சு. நமக்கு மூலம் என்பது அந்தத் தொழிற்சாலை மணமே; பழம் அதன் தொலைதூர உறவு. இதை உணராமல் நல்ல பழமாகத் தேடி வாங்கிச் செய்தவர்கள், அருமையான பிஸ்கட் ஒன்றைச் செய்துவிட்டு, ஏன் மனம் நிறையவில்லை என்று புரியாமல் இருப்பார்கள். நினைவுக்கு நெருங்க வேண்டுமானால் கடையில் விற்கும் ஆரஞ்சு எசன்ஸையும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்தையும் சேர்ப்பதே சரி.

இரண்டாம் தடை நுண்மை. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களை நாக்கு நறநறப்பாக உணர்ந்துவிடும். மிக்சியில் பொடித்த சர்க்கரையில் அதைவிடப் பெரிய துகள்கள் நிறைய இருக்கும். நுண்மையாக அரைத்து விற்கும் ஐசிங் சர்க்கரையைச் சலித்துப் பயன்படுத்தினால் ஓரளவு சரியாகும். வெண்ணெயைச் சேர்த்தால் பால் மணம் ஆரஞ்சை மூடும் என்பதால், மணமற்ற கொழுப்பே பொருத்தம். ஆனால் மணமற்ற கெட்டிக் கொழுப்பைத் தேடினால், எதிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ அதன் அருகிலேயே போய் நிற்போம். பிஸ்கட்டின் மொறுமொறுப்பு வேறு கதை. தொழிற்சாலையில் சீரான தடிமனில் தேய்த்து, நீண்ட அடுப்பினூடே வெப்பத்தைப் படிப்படியாக மாற்றிச் சுட்டு, ஈரத்தை மிகக் குறைவாக ஆக்கிவிடுவார்கள். வீட்டு அடுப்பில் ஓரம் சிவக்கும்போது நடு மெத்தென்று இருக்கும். இரண்டு மூன்று முறை முயலத் தயாராக இருப்பவர்களுக்கே இந்த வழி ஏற்றது. அவர்களுக்கு அது தரும் பயன் பெரியது, ஆனால் அது வேறு பயன்: பழைய நினைவைத் திரும்பப் பெறுவதைவிட, வீட்டில் வளரும் குழந்தைக்கு ஒரு புதிய நினைவைப் பதிப்பது. அந்தக் குழந்தை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடப்போவது, நடு மெத்தென்று இருந்த, சற்றே கசந்த, வீட்டில் சுட்ட பிஸ்கட்டையே.

கடைசி வழி வாங்காமல் திரும்புவது. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருள் அல்ல என்று 1932-லேயே பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் தம் ஆய்வுகளால் விளக்கினார். நினைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதைத் திரும்பக் கட்டுகிறோம், கட்டும்போது மாற்றியும் விடுகிறோம். அப்படியானால் இன்றைய வெளிறிய கிரீமின் சுவை நாளைக்கு என் ஆறாம் வயதின் சுவையாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்மையானதே. குறிப்பாக, அந்தப் பண்டத்தைக் கையில் கொடுத்தவர் இப்போது இல்லையென்றால், அதனோடு இருக்கும் ஒரே இழை அதுவென்றால், அதை இழுத்துப் பார்க்காமல் விடுவதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஒருவர் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்ப வைத்தால், அவரை நான் புரிந்துகொள்வேன்.

ஆனால் என் நிலை அதுவல்ல. அந்தப் பிஸ்கட்டோடு பிணைந்திருக்கும் மனிதர் என் அண்ணன். அவர் நலமாக இருக்கிறார், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். அம்மா ஆளுக்கு மூன்று என்று எண்ணிக் கொடுப்பார். அண்ணன் தன்னுடையதைப் பிரித்து, கிரீம் இல்லாத பாதிகளை என்னிடம் தள்ளிவிட்டு, என்னுடைய கிரீம் பாதிகளை வாங்கிக்கொள்வதற்குப் பேரம் பேசுவார். இதை எண்ணியபோது, நான்கு வழிகளையும் எடைபோடும் தராசில் இதுவரை வைக்காத ஒன்று இருப்பது புரிந்தது: யாரோடு தின்பது என்பது. சுவையைத் தேடினால் தனியாகத் தின்றாலும் போதும். பொழுதைத் தேடினால், அந்தப் பொழுதில் உடன் இருந்தவர் இல்லாமல் பாக்கெட்டைப் பிரிப்பது பாதிப் பண்டத்தை வீணாக்குவதாகும்.

ஆகையால் அப்படியே வாங்குவது என்ற வழியை எடுத்தேன், மூன்று நிபந்தனைகளோடு. இருப்பதிலேயே சிறிய பாக்கெட் ஒன்று மட்டும். அண்ணன் வரும்வரை பிரிக்காமல் வைப்பது. வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளாக அதை ஆக்காமல் இருப்பது. மூன்றாவதற்குக் காரணம் உண்டு. ஒரு மணம் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் புதிய நாள்களும் அதோடு ஒட்டிக்கொள்ளும்; அப்போது அது ஆறு வயதை மட்டும் சுட்டிக்காட்டும் ஆற்றலை இழந்துவிடும். பெரிய பாக்கெட்டுக்கு வைத்திருந்த தள்ளுபடியை நான் இதனாலேயே ஏற்கவில்லை. உறையில் இருக்கும் தேதியைப் பார்க்கவும் மறக்கவில்லை, ஏனெனில் கொழுப்பு காறிப்போன ஒரு கடி எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

அண்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாக்கெட்டைப் பிரித்தோம். கிழித்த உடனே எழுந்த மணம் அதேதான். அதில் ஐயமே இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். கடித்தபோது கிரீம் முன்பைவிட விரைவாகக் கரைந்தது, புளிப்பு எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை, பிஸ்கட் சற்று மெலிந்திருந்தது. இரண்டாவதை எடுத்தபோது முதல் கடியின் வேகம் போய்விட்டது, மூன்றாவது வெறும் பிஸ்கட். ஆனால் அந்த மணம் எழுந்த சில நிமிடங்களுக்குள், பிஸ்கட் வைத்திருந்த தகர டப்பாவின் மூடி இறுகிப்போய் அதை அம்மா கரண்டிக் காம்பால் நெம்பித் திறப்பதை அண்ணன் சொன்னார். அந்த டப்பாவை நான் அடியோடு மறந்திருந்தேன். அவர் சொன்னதும் மூடி திறக்கும் சத்தம் காதில் கேட்டது. வீட்டில் செய்த பிஸ்கட்டோ உயர்தர பிஸ்கட்டோ எங்களை அங்கே கொண்டுபோயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மிச்சமிருந்தவற்றை என் மகள் தின்றாள். அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவள் அதைப் பிரிக்காமல் ஒரே கடியாகக் கடித்தாள், நானும் பிரித்துக் காட்டவில்லை. அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு பலமுறை போயிருக்கிறேன். பாக்கெட் அதே கீழ்த்தட்டில் இருக்கிறது. அண்ணன் வருவதாகச் சொன்ன வாரங்களில் மட்டும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.